தோளில் நாலு விரல்

பியோ சுன்ஜங் யார் சொல்வதையும் முதல் தடவையில் நம்பியதில்லை. அவள் தொழில் அப்படி. தோங்யோங் துறைமுகத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் அவளுடைய புகைப்படக் கடை. குடும்பம் குடும்பமாக ஆட்கள் ஏறிவந்து, பெரியவர்களை நடுவில் உட்காரவைத்து, விளக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிரிப்பில் பாதி படி இறங்குவதற்குள் காணாமல் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். விவாகரத்துக்கு மனுப் போட்டுவிட்டு வந்து கைகோத்து நின்ற தம்பதியை அவள் எடுத்திருக்கிறாள். பிறந்தநாள் படம் என்று சொல்லி அப்பாவைக் கூட்டிவந்து, அவர் குனிந்து செருப்பு மாட்டும் நேரம் பார்த்து, "இவரை மட்டும் தனியா ஒண்ணு பெருசாப் போட்டு வையுங்க, பின்னாடி தேவைப்படும்" என்று காதில் சொன்ன மகனையும் பார்த்திருக்கிறாள்.

நாற்பதை நெருங்கும்போது அவள் வயிற்றில் ஒரு குழந்தை தங்கியது. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. அதனால் இந்த முறை சந்தேகம் அவளை முழுசாகப் பிடித்துக்கொண்டது. உள்ளூர் டாக்டரம்மா "எல்லாம் நல்லா இருக்கு" என்று சிரித்தால், இவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறி மாசானுக்குப் போய் இன்னொருத்தியிடம் காட்டிவிட்டு வருவாள். அவளும் சிரித்தால், இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களா என்று வாசலில் இருக்கும் பெண்ணிடம் விசாரிப்பாள்.

அவள் புருஷன் தாக் கிபொம் கடல்சிப்பி லாரி ஓட்டுகிறவன். வாய் நிறையப் பேச்சு. ஒருநாள் உள்ளங்கை அளவுகூட இல்லாத காலுறை ஒரு ஜோடி வாங்கிவந்து நீட்டினான்.

"இப்பவே எதுக்குங்க இதெல்லாம்? கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்க."

"காலுறை பார்த்தா கண்ணு பட்டுடுமா? உன் கண்ணை விடவா பெரிய கண்ணு ஊருல இருக்கு?" என்றான் அவன். ஆனாலும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போனான்.

சிப்பிக் காலம் மும்முரமாக இருந்த ஒரு மத்தியானம், கடைக்கு ஒரு பெண் வந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். பூசான்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது. பேரு சொன் யொங்நான் என்றாள். கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பெரிய படம் ஒன்றிலிருந்து ஒரு ஆணை மட்டும் கத்தரித்து எடுத்திருந்தது.

"இவரு பக்கத்துல நான் நிக்கிற மாதிரி சேர்த்துத் தர முடியுமா?"

"முடியும். யாரு இவரு?"

"எங்க வீட்டு ஆளுதான்."

புருஷனைச் சொல்லும் பெண்களும் இப்படித்தான் சொல்வார்கள். சுன்ஜங் படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். அந்த ஆணின் இடது தோளில் ஒரு குழந்தையின் நாலு விரல் இருந்தது. விரலுக்கு உரிய பிள்ளை கத்தரியில் போய்விட்டான்.

அந்த விரல்களை அவள் அறிவாள். படத்தில் இருந்தவர் பாங் தேசு, படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். தாய், மனைவி, மகனோடு வந்து இதே கடையில் எடுத்த படம். மகன் உஞ்சே முக்காலியில் ஏறி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். போன வருஷம் தேசு ஈரல் நோயில் போனபோது, சாவுக்கு வைக்கும் படத்தை அந்தப் படத்திலிருந்துதான் சுன்ஜங் பெரிதாக்கிக் கொடுத்தாள். செத்தவர் தோளில் உயிருள்ள பிள்ளையின் கை இருக்கக் கூடாது என்று, ஒவ்வொரு விரலாகக் கணினியில் அழித்தவளும் அவள்தான்.

"இது எங்கருந்து கிடைச்சுது?"

"அவரே குடுத்தாரு." யொங்நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "பின்பக்கம் உங்க கடை முத்திரை இருந்துச்சு. அதான் தேடி வந்தேன்."

பெண்டாட்டி பிள்ளையை வெட்டித் தள்ளிவிட்டுத் தன்னை மட்டும் ஒருத்திக்குக் கொடுத்திருக்கிறான் என்றால், அது என்ன உறவு என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சுன்ஜங் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "வியாழக்கிழமை வாங்க, உங்களை எடுக்கணும். இது இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம் கிபொமிடம் சொன்னாள். அவன் சிப்பிக் கஞ்சியை ஊதிக்கொண்டே கேட்டான்.

"செத்த மனுஷன் இனிமே என்ன தப்புப் பண்ணப் போறாரு? விட்டுரு."

"அவ இந்தப் படத்தை வெச்சுக்கிட்டு நாளைக்கு உஞ்சே வீட்டு வாசல்ல வந்து நின்னா?"

"நின்னா நிக்கட்டும். நீ படம் எடுக்கிறவளா, போலீஸா?"

"நான் சேர்த்துக் குடுத்த படத்தைத்தானே காட்டுவா? பொய்க்கு என் கையால உடுப்பு மாட்டி அனுப்பச் சொல்றீங்களா?"

கிபொம் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். புருஷன் இப்படி நழுவும்போது அவளுக்கு வேறொரு சந்தேகம் வரும். இந்த ஆம்பளைகள் எல்லாம் ஒருவருக்கொருவர் மறைத்துக் காப்பாற்றுகிறவர்கள். இவனும் லாரியை எடுத்துக்கொண்டு பூசானுக்குப் போகிறவன்தானே?

மறுநாள் காலை சந்தைக்குப் போனாள். தேசுவின் விதவையை உஞ்சே அம்மா என்றுதான் ஊரே கூப்பிடும். ரப்பர் காலணியும் சிவப்புக் கையுறையுமாகச் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா வா, புள்ளத்தாச்சி! பச்சைச் சிப்பி உனக்குக் கிடையாது. வேகவெச்சது வேணும்னா எடுத்துக்க."

"உஞ்சே அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேக்கறதுக்கு முன்னாடியே மூஞ்சி இப்படி இருந்தா கோவம் வராம என்ன வரும்?"

சுன்ஜங் சொன்னாள். உஞ்சே அம்மாவின் கத்தி சிப்பியின் வாயிலேயே நின்றது. "மாசம் ஒருதரம் பூசானுக்குப் போவாரு. எஞ்சின் சாமான் வாங்கணும்பாரு. வெறுங்கையோட வந்த நாளும் உண்டு" என்றாள். அப்புறம், "அந்தப் படத்துல ஒரு பிரதி குறையுதுன்னு நான் அப்பவே தேடினேன். நீதான் எங்கயாவது தொலைச்சிருப்பேன்னு என்மேல பழியைப் போட்டாரு, பாவி" என்றாள்.

பக்கத்துக் கடைக்காரி காதைத் தீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்னடி பாக்கிற? உன் மீனு நாறுது, அதைப் பாரு!" என்று உஞ்சே அம்மா சீறினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கையுறையோடு துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் உப்புநீர் ஆயிற்று.

வியாழக்கிழமை உஞ்சே அம்மா முன்னதாகவே வந்து பழுப்புப் பின்திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். யொங்நான் வந்தாள். சுன்ஜங் அவளைக் குடை விளக்குக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் சாயுங்க. அவரு இங்க வருவாரு. எத்தனை நாளாப் பழக்கம்?"

"ரெண்டு வருஷம்கூட முழுசா இல்ல."

அவ்வளவுதான். திரை ஒரு பக்கமாகக் கிழிபடும் சத்தம் கேட்டது. உஞ்சே அம்மா பாய்ந்து வந்து அவள் கோட்டுக் கழுத்தைப் பிடித்தாள்.

"யாருடி நீ? எம் புருஷன் பக்கத்துல நிக்க உனக்கு என்னடி உரிமை?"

யொங்நான் விலக்கவில்லை. கையைக்கூட உயர்த்தவில்லை. "அண்ணி" என்றாள்.

"யாருக்கு யாருடி அண்ணி?"

"அண்ணி, நான் அவரு தங்கச்சி. கூடப் பொறந்த தங்கச்சி."

"எங்க மாமியாருக்கு ஒரே பிள்ளை. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க. என்னை வளர்த்த அம்மா சாகறப்பதான் என்கிட்ட சொன்னாங்க. பட்டறைக்குப் போன் பண்ணேன். அண்ணனே பூசானுக்கு வந்தாரு. அம்மாகிட்ட பக்குவமா நான் சொல்றேன், அதுவரைக்கும் பொறுத்துக்கன்னாரு. அதுக்குள்ள படுத்துட்டாரு."

"சாவுக்கு ஏன் வரல?"

"வந்தேன், அண்ணி. வாசல் வரைக்கும் வந்தேன். கறுப்புத் துணி போட்டு நிக்கிற வீட்டு ஆளுங்க வரிசையில எனக்கு எங்க எடம்? தூரத்துல நின்னு படத்தைத்தான் பார்த்தேன். அதுல தோள் வெறுமையா இருந்துச்சு. என்கிட்ட இருக்கறதுல விரல் இருக்கு."

"அழிச்சது நான்தான்" என்றாள் சுன்ஜங். கேட்காமலே வந்துவிட்டது.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் யொங்நானை இப்போதுதான் பார்த்தாள். மடல் கன்னத்தோடு ஒட்டிப்போன காது. நடுவில் கூராக இறங்கும் நெற்றிமுடி. ஒன்றுக்கொன்று உயரம் மாறிய புருவம். மூன்றும் தேசுவின் முகத்தில் அவள் பார்த்தவை. ஒரு டஜன் பிள்ளைகளைக் கலந்து நிறுத்தினாலும் எது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லக்கூடியவள் அவள். இந்த முகத்தை வந்த அன்றே மேசைக்கு எதிரே வைத்திருந்தும், தேடியதெல்லாம் கள்ளத்தனத்தைத்தான். அதனால் வேறொன்றும் கண்ணில் படவில்லை.

ஆனாலும் சந்தேகம் ஒரேயடியாக இறங்குகிற ஜாதி இல்லை. யொங்நான் போனபின், "ஒரே மாதிரி காது ஆயிரம் பேருக்கு இருக்கும்" என்றாள் சுன்ஜங்.

"கதை கட்டத் தெரிஞ்சவளா இருந்தா?" என்றாள் உஞ்சே அம்மா. "அத்தைகிட்டயே காட்டறேன். அவங்க முகத்துல தெரிஞ்சுபோயிடும்."

அன்று எடுத்த படத்தை வாங்கிக்கொண்டு போனாள். மாமியார் அதைப் பார்த்ததும் "யாரோ" என்றாளாம். கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தவள் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. சந்தைக்குள் விஷயம் பரவிவிட்டது. பக்கத்துக் கடைக்காரியின் காது வீணாகவில்லை. சிலர் தேசுவுக்கு வைப்பாட்டி இருந்தாள் என்றார்கள், சிலர் கிழவிக்கே கள்ளப்பிள்ளை என்றார்கள். சுன்ஜங் சந்தை வழியாகப் போவதை நிறுத்தினாள். கிபொம் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒருநாள் தேசுவின் தாய் தனியாகப் படியேறி வந்தாள். மூச்சிரைக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்குமுன்பே, "நீதானே காட்டிக் குடுத்தவ?" என்றாள்.

"ஆமாம்மா."

"அந்தப் பொண்ணோட படத்தைப் பெருசாக் காட்டு."

சுன்ஜங் கணினித் திரையில் காட்டினாள். கிழவி திரைக்கு மூக்கு படுமளவு குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாச் சாப்பிட்டு வளர்ந்த முகமாத் தெரியுதா?"

"தெரியுதும்மா. பல்லு வரிசையா இருக்கு. தோல் நல்லா இருக்கு. குறை வெச்சு வளர்த்த மாதிரி இல்ல."

"இது பொய்யா, நெசமா? நீங்கதான் எல்லாத்தையும் மாத்திடுவீங்களே."

"இதுல நான் கையே வைக்கல."

கிழவி தலையாட்டினாள். அவள் புருஷன் கடலோடு போனபோது தேசுவுக்கு மூன்று வயது, வயிற்றில் இந்த யொங்நான். "நெத்திலி காயவைக்க எனக்கு ரெண்டே கைதான் இருந்துச்சு. பூசான்ல புள்ளையில்லாத ஒரு தம்பதி. அங்க போய்ப் பெத்து, பால் மணம்கூடப் போகுமுன்னே குடுத்துட்டேன். இங்க வந்து செத்துப் பொறந்துதுன்னு சொன்னேன். அப்புறம் நானே அதை நம்ப ஆரம்பிச்சேன்" என்றாள். எழுந்தவள் சுன்ஜங்கின் வயிற்றைப் பார்த்தாள். நல்ல வார்த்தை ஏதாவது சொல்வாளோ என்று சுன்ஜங் காத்திருந்தாள். கிழவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

யொங்நான் கேட்ட படத்தைச் சுன்ஜங் செய்து முடித்தாள். விரலை எடுத்துவிடட்டுமா என்று போனில் கேட்டதற்கு, "இருக்கட்டும். அண்ணன் பிள்ளை கைதானே" என்றாள் அவள். அதை வாங்கப் பூசானிலிருந்து வந்தபோது உஞ்சே அம்மாவும் கடைக்கு வந்தாள். இருவரும் பேசிக்கொண்டது குறைவு. போகும்போது ஒரு பை நிறைய உடைத்த சிப்பியை உஞ்சே அம்மா அவள் கையில் திணித்தாள். "ஐஸ் போட்டிருக்கு. பஸ்ஸுல மடியில வெச்சுக்காத, நனைஞ்சுடும்" என்றாள், திட்டுவதுபோல.

பங்குனி மழையில் சுன்ஜங்குக்குப் பெண் பிறந்தது. பிறந்த உடனே மயக்கத்திலும், "ஏங்க, அவங்க பின்னாடியே போங்க. கண்ணை எடுக்காதீங்க. மாத்திடுவாங்க" என்று கிபொமை விரட்டினாள். அவன் நர்சின் பின்னால் ஓடினான். நர்சு, "உங்களை மாதிரியே அகல மூக்கு, சார். இதை யாரு மாத்தி எடுத்துட்டுப் போவா?" என்று கேட்டாளாம். அதைக் கேட்டபிறகுதான் சுன்ஜங் தூங்கினாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடையைத் திறந்த பிறகு, தேசுவின் தாய் பகல்வேளைகளில் வர ஆரம்பித்தாள். குழந்தையைப் பார்க்க என்பாள். பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி, "ஒல்லியா இருக்கு" என்பாள். சுன்ஜங் கொஞ்சநாளில் கவனித்தாள்: யொங்நான் தனக்கு இருக்கும் மகனின் படத்தைப் பெரிதாக்கக் கொடுக்கவோ, படத்துக்குச் சட்டம் மாற்றவோ பூசானிலிருந்து வருகிற நாளாகப் பார்த்துத்தான் கிழவி வருகிறாள். யார் சொல்லி அனுப்புகிறார்கள்? உஞ்சே அம்மாவா? கிபொமா? இருவருமே சத்தியம் பண்ணி மறுத்தார்கள். அவள் இருவரையும் நம்பவில்லை.

காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில் தாயும் மகளும் நடுவில் ஒருவர் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருப்பார்கள். அம்மா என்று ஒருத்தி கூப்பிட்டதுமில்லை, மகளே என்று மற்றவள் சொன்னதுமில்லை. கிழவி ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளைகளை அந்த இடத்தில் கைக்குட்டை விரித்து வைப்பாள். மகள் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சுன்ஜங் திரை மறைவிலிருந்து காது கொடுப்பாள். இப்படியே எத்தனை நாள், இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கோடை பிறந்த ஒரு நாளில், யொங்நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தபோது, கிழவி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அடுத்த தடவை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வா. வீட்டுக்கே வா."