நலம் விசாரித்த சூப்பர்வைசர்

ஹோட்டலின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் பல வருஷம் இஸ்திரி போட்டவன் நான். மேலே தங்குகிறவர்களுக்கு எங்களைத் தெரியாது. அவர்கள் படுத்த விரிப்புகளும் துடைத்த துண்டுகளும் மட்டும் மூட்டை மூட்டையாக எங்களிடம் வந்து சேரும். பழைய சூப்பர்வைசர் திடீரென்று வேலையை விட்டுப் போனபோது அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். யாரோடும் சண்டை போடாத ஓர் ஆள் வேண்டும் என்றுதான் மேனேஜர் தேடியிருக்கிறார். நான் சண்டை போடாததற்குக் காரணம் நல்ல குணம் அல்ல, பயம்தான் என்பது அவருக்குத் தெரியாது, பாவம்.

கண்ணாடிக் கேபின் ஒன்றும் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றும் கிடைத்தன. முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினேன். கண்ணாடி வழியாக எல்லோரும் எனக்குத் தெரிந்தார்கள். நான் சுற்றியது எல்லோருக்கும் தெரிந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

முதல் உத்தரவு சாப்பாட்டைப் பற்றியது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போனால் இயந்திரங்கள் சும்மா நிற்கின்றன, அதனால் பாதிப் பேர் போய் வந்த பிறகு மீதிப் பேர் போக வேண்டும் என்றேன்.

"சரி சார்" என்றார்கள். எல்லோரும் சேர்ந்தே போனார்கள்.

மறுநாளும் சொன்னேன். மறுநாளும் "சரி சார்". எதிர்த்துப் பேசியிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்த "சரி சார்" மெத்தையைக் குத்துவது போல இருந்தது. மெத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

என் பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும் மேனேஜரின் பெயரைக் கடன் வாங்கினேன். "மேனேஜர் கண்டிப்பா சொல்லிட்டாரு" என்றேன். உடனே பலித்தது. மேனேஜரே ஒருநாள் கீழே இறங்கி வரும்வரை பலித்தது.

"ஏன் பாதிப் பேர் சாப்பிடாம நிக்கிறீங்க?" என்று அவர் கேட்டார்.

"நீங்கதான் சார் அப்படிச் சொன்னீங்களாம்" என்றார் டிரையர்காரர்.

டிரையர்காரர் என்பவர் ஈரத்துணி உலர்த்தும் பெரிய இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். நானும் அவரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் கேபினுக்குள் போன அன்றே "வாடா போடா"வை நிறுத்திவிட்டு "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தவர். அந்த "சார்" நாக்கில் பட்ட மிளகாய் மாதிரி இருக்கும்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கூரையில் ஓடும் குழாய்களைப் பார்த்தேன். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள், சேர்ந்தே.

இதற்கு நடுவே அங்கே வேறொருவர் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். அவர் மடிப்பக்கா. விரிப்பு மடிக்கும் நீள மேஜையின் தலைமாட்டில் நிற்பவர். பதவி கிடையாது, நாற்காலியும் கிடையாது. "தம்பி, அந்த வண்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிட்டுப் போயேன்" என்பார். தம்பி என்று அழைக்கப்பட்டவர் தலை நரைத்தவராக இருப்பார். வண்டி நகரும். என் உத்தரவு செத்துப்போன மறுவாரம், "நீங்க முதல்ல சாப்பிட்டு வாங்க, நாங்க அப்புறம் போறோம்" என்று அவர் ஒரு தரம் சொன்னார். அதன்பிறகு இரண்டு பிரிவாகத்தான் போனார்கள். அது என் யோசனை என்று யாருக்கும் ஞாபகம்கூட இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கேபினுக்குள் இருந்தபடியே அவரைக் கவனித்தேன். கொஞ்ச நாளில் சூட்சுமம் பிடிபட்டது. போகிற வருகிறவர்களிடம் எல்லாம் அவர் ஏதாவது விசாரித்தார். ஒருத்தியிடம் மாமியாருடைய முட்டிவலி. இன்னொருவரிடம் தம்பிக்கு வேலை கிடைத்ததா என்று. இவ்வளவுதானா என்று நினைத்தேன். இதற்கு என்ன பெரிய வித்தை வேண்டும்?

மறுநாள் காலை நேராக டிரையர்காரரிடம் போனேன். முகத்தில் ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டேன்.

"வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

அவர் கையில் இருந்த துண்டுக் குவியலைக் கீழே வைத்தார். "ஏன் சார்?"

"சும்மாதான் கேட்டேன். பொண்ணு என்ன படிக்குது?"

"படிக்குது சார். எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா" என்று அவர் தோளில் தட்டினேன். அவர் முகம் வெளிறியது. நெகிழ்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே இன்னும் சிலரை விசாரித்தேன். அதன்பின் நடந்ததைப் பார்த்து என் கண்ணையே நம்ப முடியவில்லை. அரட்டை நின்றது. வண்டிகள் பறந்தன. நான் கேபினை விட்டு வெளியே வந்தாலே எல்லோரும் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மனுஷங்களை அன்பாலதான் வேலை வாங்கணும்" என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

அவள் என் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "அன்பா இருந்தா சிரிச்சுப் பேசுவாங்களே. அவங்க பேசுறாங்களா?"

"வேலை நேரத்துல என்ன பேச்சு?"

"ம்" என்றாள். எங்கள் வீட்டில் அந்த "ம்"முக்கு மேல் அப்பீல் கிடையாது. ஆனாலும் அன்று நான் அதைச் சட்டை செய்யவில்லை.

அந்த வாரக் கடைசியில் டிரையர்காரர் வேலையை விடுவதாகச் சொன்னார். "வேற இடம் பாத்துட்டேன் சார்" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவர் போனதும் மடிப்பக்கா கேபினுக்குள் வந்தார். அதுவரை அவர் உள்ளே வந்ததே இல்லை.

"உக்காருங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டும். நீங்க விசாரிக்கிற ஆளையெல்லாம் வேலைய விட்டு அனுப்பப் போறதாப் பேசிக்கிறாங்க. அது உண்மையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"பழைய சூப்பர்வைசர் அப்படித்தானே செய்வாரு, மறந்துட்டீங்களா? இவ்வளவு நாள் பேரே தெரியாத மாதிரி இருப்பாரு. ஒருநாள் வந்து, குடும்பமெல்லாம் சௌக்கியமான்னு கேப்பாரு. மறுநாள் மேனேஜர்கிட்ட சொல்லிக் கணக்கு முடிச்சிருவாரு."

"நீங்களும்தானே எல்லாரையும் விசாரிக்கிறீங்க?"

"நான் கேட்டா, பிடிக்கலைன்னா சொல்லாமப் போயிருவாங்க. நீங்க கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும்" என்று சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பினார்.

என் அன்பைப் பார்த்து ஒரு கூடமே வெலவெலத்துப் போயிருந்திருக்கிறது. அவமானம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், என்னைப் பார்த்தும் நாலு பேர் பயந்தார்களே என்ற அற்ப சந்தோஷம் இன்னொரு பக்கம். அது படிக்கட்டு ஏறும்வரைதான் நிலைத்தது. டிரையர்காரர் இல்லாவிட்டால் அந்த இயந்திரங்களோடு மல்லுக்கட்டப் போவது நான்தான் என்ற நினைப்பு வந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவர் மகள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அப்பா, உங்களை அனுப்பப் போற சார் வந்திருக்காரு" என்றாள்.

நான் வாசலிலேயே நின்று ஆரம்பித்தேன். யாரையும் அனுப்பும் எண்ணம் இல்லை, அப்படி அனுப்ப எனக்கு அதிகாரமும் இல்லை, மடிப்பக்காவைப் பார்த்து நானும் விசாரித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டிரையர்காரர் கைலியோடு நின்று கேட்டார். அவர் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"வேற வேலை நிஜமாவே பாத்துட்டேன்" என்றார் டிரையர்காரர். "ஆனா காலை ஷிஃப்ட் குடுத்தா இங்கேயே இருக்கேன். எத்தனை தரம் கேட்டிருப்பேன், நீ பாக்கலாம் பாக்கலாம்னே இழுத்தடிச்சே."

"சார்" போய் "நீ" வந்துவிட்டதை இருவருமே கவனித்தோம். இருவருமே அதைத் திருத்தவில்லை. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஷிஃப்டை மாற்றுவது மேனேஜர் கையில் இருக்கிறது என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தேன்.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றார் அவர்.

"சார், என் மேல எதாவது தப்பு இருந்தா..." என்று எழுந்தேவிட்டேன்.

"உக்காருங்க. வந்ததுலேருந்து பேசாம இருக்கீங்களேன்னு கேட்டேன்" என்றார். ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தார். அதற்கு அவருக்கு ஒரு தலையசைப்புதான் செலவானது.

டிரையர்காரர் தங்கிவிட்டார். கூடத்தில் மறுபடி அரட்டை கேட்டது. வேலையும் முன்பிருந்த வேகத்துக்கே இறங்கியது. நான் விசாரிப்பதை விட்டேன். யாராவது தானாக வந்து சொன்னால் மட்டும் கேட்டுக்கொண்டேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். பெரும்பாலும் லீவு கேட்கத்தான்.

ஒருநாள் மேலே ஏதோ பெரிய விருந்து. விரிப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன. நானும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மடிப்பு மேஜைக்குப் போனேன். ஒரு விரிப்பை மடித்து வைத்தேன். மடிப்பக்கா அதைப் பிரித்து, திரும்ப மடித்து அடுக்கில் வைத்தார். இன்னொன்றை மடித்தேன். அதையும் பிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டிரையர்காரர் மட்டும் பொத்தாமலே சிரித்தார்.

"சார், நீங்க போய் உள்ள உக்காருங்க. அதுவே எங்களுக்குப் பெரிய உதவி" என்றார் மடிப்பக்கா.

"சரிக்கா" என்று போய் உட்கார்ந்தேன்.