புரோஸ்கினாவில் உட்கார இடமில்லை

கரிஃபலியாவுக்கு ஐம்பத்தாறு வயது. மேல் வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. அதற்காக வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ரகமும் கிடையாது. அவள் புருஷனுக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். அவர் கரையில் காப்பிக் கடை நடத்தினார். கடல் முழுக்க அவள் பொறுப்பில் இருந்தது. அப்பன் விட்டுப்போன ஏழு மீட்டர் மரப்படகில், வெயில் காலம் நெடுக, தீவின் மேற்குப் பக்கத்துக் குகைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போய் வருவாள். முப்பத்தைந்து வருஷமாக அதுதான் பிழைப்பு.

மேற்கே குகைகள் ஒன்பது இருக்கின்றன. ஆனால் ஜனம் வருவதெல்லாம் ஒன்றுக்காகத்தான். ஊரில் அதற்குப் ‘புரோஸ்கினா’ என்று பேர். விழுந்து கும்பிடு என்று அர்த்தம். உள்ளே சாமியும் இல்லை, சிலுவையும் இல்லை. வாசலில் தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவே ஒரு மீட்டர்கூடத் தேறாது. படகில் இருப்பவர் யாராக இருந்தாலும் மல்லாந்து படுத்தால்தான் உள்ளே போக முடியும். பிஷப் வந்தபோது அவரும் படுத்தார், தாடியை மார்மேல் சுருட்டி வைத்துக்கொண்டு. கரிஃபலியாவின் பல் போனதும் அங்கேதான். பத்தொன்பது வயதில், உள்ளே கடல்நாய் கிடக்கிறதா என்று ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தாள். தலை தப்பிப் பல்லோடு போனதே என்று அப்பன் சொன்னான்.

அந்த மே மாதம் துறைமுக அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. குகைக்குள் ஆள் ஏற்றிப் போகிற படகுக்காரர் ஒவ்வொருவரும் ஜூன் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும்; போடாதவர்கள் குகைக்குள் போகக் கூடாது. மொத்தம் பதினொரு விதி. ஏழாவது விதி இப்படி இருந்தது: ‘பயணிகள் பயணம் முழுவதும் இருக்கையில் உட்கார்ந்தபடியே இருப்பர்.’

மற்றப் படகுக்காரர்கள் ஐந்து பேரும் காப்பிக் கடையில், காப்பி ஆறுவதற்குள் போட்டு முடித்துவிட்டார்கள். படிக்கவே இல்லை. கரிஃபலியா மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஏழாவதுக்கு வந்ததும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

பக்கத்துப் படகுக்காரன் லினார்தோஸ் சொன்னான்: “அக்கா, காகிதம் காகிதத்துல இருக்கட்டும், குகை குகையில இருக்கட்டும். போட்டுட்டு வா. நானும் போட்டேன். நாளைக்கே எல்லாரையும் படுக்க வெச்சுத்தான் கூட்டிப் போவேன்.”

“அப்ப எதுக்குடா போட்டே?”

“கேக்குறாங்க, போட்டேன்.”

“நாளைக்கு எவனாவது படிச்சவன், விதியில உட்காரச் சொல்லியிருக்கேன்னு வாசல்ல எந்திரிச்சு உட்காருவான். அவன் மண்டையை யாரு தைக்கிறது? நீயா?”

“என் மண்டையா இடிக்கப்போவுது?”

“உன் மண்டைன்னா நான் கவலையே பட மாட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல, சேதமாவாது.”

கடை சிரித்தது. அவள் புருஷன் மட்டும் கோப்பையைத் துடைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குகை போனால் அந்தப் படகு வெறும் விறகு என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த கோப்பையை எடுத்துத் துடைத்தார். சொல்லிப் பார்த்த அனுபவம் அவருக்கு நிறைய இருந்தது.

படிவங்களை வாங்க வந்த அதிகாரியின் பேர் அனெஸ்திஸ். முப்பது வயது இருக்கும். வடக்கே மலைப்பக்கத்து ஊர்க்காரர், தீவுக்கு மாற்றலாகி வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஐந்து கையெழுத்துதான் இருந்தது. ஆறாவது ஏன் இல்லை என்று கேட்டார்.

“நீங்க வந்து பாருங்க, அப்புறம் பேசலாம்” என்றாள் கரிஃபலியா.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடையில் அவர் வந்து ஏறினார். படகில் அன்றைக்கு நாலு பேர்: இரண்டு டச்சுப் பெண்கள், பத்ராஸ் பட்டணத்திலிருந்து வந்த கசாப்புக்கடைக்காரர் பனாகோஸ், அவர் மனைவி. பனாகோஸ் நல்ல பெருத்த ஆள். வாய் அதைவிடப் பெரியது.

மேற்கு முனையைச் சுற்றியதும் அனெஸ்திஸ் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மஞ்சள் மெழுகுவர்த்தி.

“இது எதுக்கு?” என்றாள் கரிஃபலியா.

“ஏத்தத்தான். புரோஸ்கினான்னா உள்ள கோயில் இருக்கும்ல? எந்தப் புனிதருக்கும்மா?”

பனாகோஸுக்குச் சிரிப்பு பீறிட்டது. “புனிதர் பாறையப்பர்! தலையைத் தூக்கினா நேரா காட்சி குடுப்பாரு!”

அவர் மனைவி விலாவில் ஒரு இடி இடித்தாள். ஆனால் பேச்சு விழுந்தாகிவிட்டது. அனெஸ்திஸின் காது சிவந்தது. மெழுகுவர்த்தி பைக்குள் போனது. அதன் பிறகு அவர் முதுகு நிமிர்ந்த நிமிர்வைப் பார்த்து, இன்றைக்கு இந்த ஆள் வளைய மாட்டார் என்று கரிஃபலியா முடிவுகட்டினாள்.

குகை வாசலுக்கு முன்னால் இயந்திரத்தை நிறுத்தினாள். “எல்லாரும் படுங்க. மல்லாக்க. கையும் காலும் படகுக்குள்ள. நான் சொல்ற வரைக்கும் மூக்குகூட மேல வரக் கூடாது.”

டச்சுப் பெண்களுக்குச் சைகை காட்டினாள். நாலு பேரும் படுத்தார்கள். அனெஸ்திஸ் நடுப்பலகையில் உட்கார்ந்தே இருந்தார்.

“ஐயா, நீங்களும்தான்.”

“நான் பணியில இருக்கேன்.”

“பணியில இருக்கிறவங்களுக்காகப் பாறை ஒசந்து குடுக்காது.”

“விதிப்படி உட்கார்ந்தபடி போக முடியுமா, முடியாதான்னு பார்க்கத்தான் வந்தேன்.”

“முடியாது. பார்த்தாச்சுல்ல?”

“அப்ப உங்களுக்கு அனுமதி குடுக்க முடியாதும்மா.”

“அனுமதி உங்க கையில. படகு என் கையில. உட்கார்ந்த ஆளோட இது உள்ள போகாது.”

கீழேயிருந்து பனாகோஸின் குரல் வந்தது. “சட்டுனு முடிவு பண்ணுங்க சாமி. என் முதுகுக்குக் கீழ ஒரு இரும்பு வளையம் இருக்கு. அதுக்கும் எனக்கும் ஒத்துப்போகல.”

கரிஃபலியா துடுப்பை எடுத்தாள். வாசலுக்கு இடப்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, மேசை அளவுக்கு ஒரு பாறைத் திட்டு உண்டு. படகை அதன் ஓரம் ஒட்டி நிறுத்தினாள்.

“இறங்குங்க.”

“என்னையா சொல்றீங்க?”

“உட்காரணும்னுதானே விதி? இங்க தாராளமா உட்காருங்க. கால் மணியில வந்து கூட்டிக்கிறேன்.”

 அனெஸ்திஸ் தொப்பியைப் பிடித்துக்கொண்டு திட்டில் தாவினார். ஒரு கால் வழுக்கி முழங்கால்வரை தண்ணீருக்குள் போனது. அவள் கை கொடுக்கப் போனாள், அவர் பற்றிக்கொள்ளவில்லை.

அவள் அலையை எண்ணினாள். அங்கே பெரிய அலை மூன்று வந்தால், அடுத்து கடல் ஒரு மூச்சு இறங்கும். மூன்றாவது போனதும் துடுப்பை ஒரே இழுப்பாக இழுத்துப் படகுக்குள் போட்டாள், தானும் மல்லாந்தாள், இரண்டு உள்ளங்கையையும் தலைக்கு மேலே பாறையில் ஊன்றினாள். கூரையில் கையாலேயே நடந்து படகை உள்ளே கொண்டுபோவது அப்படித்தான். ஈரப் பாறை மூக்கிலிருந்து நாலு விரல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.  பாறை அவள் நினைப்பில் இல்லை. வெளியே உட்கார்ந்திருக்கிற வெள்ளைச் சட்டைதான் இருந்தது. ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். லினார்தோஸ் சிரித்துக்கொண்டே போட்டான். நாளைக்குத் தன் பயணிகளும் அவன் படகில்தான் ஏறுவார்கள்.

போகட்டும் என்று நினைத்தாள். அவன் படகிலாவது ஒழுங்காகப் படுக்கட்டும்.

கூரை சட்டென்று மேலே போனது. “எந்திரிக்கலாம்” என்றாள்.

தண்ணீருக்கு அடியிலிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. படகு, கை, முகம், பனாகோஸின் வழுக்கை, எல்லாம் ஒரே நீலம். டச்சுப் பெண் ஒருத்தி விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்துப் பார்த்தாள், சாயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பனாகோஸ் கரையில் படகேறியதிலிருந்து முதல் தடவையாக வாயை மூடியிருந்தார். அவர் மனைவி கரிஃபலியாவின் காதில் சொன்னாள்: “தினம் இங்க கூட்டிட்டு வரலாமா இவரை?”

வெளியே வந்தபோது அனெஸ்திஸ் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை ஒரு பக்கம் நனைந்து, பாசி அப்பிப் பச்சையாகியிருந்தது. ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தார்.  துறை கண்ணுக்குத் தெரிந்ததும் படிவத்தையும் பேனாவையும் எடுத்து அவள் பக்கத்தில் வைத்து, குரலை இறக்கிச் சொன்னார்.

“எல்லாரும் போட்டுட்டாங்கம்மா. நீங்களும் போட்டுடுங்க. இன்னிக்கு நான் எதையும் பார்க்கலன்னு வெச்சுக்கிறேன்.”

திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

“ஏன் பார்க்கல? கண்ணு இருக்குல்ல? நாலு பேர் படுத்துப் போனாங்க, நாலு தலையும் முழுசாத் திரும்பி வந்துச்சு. பார்த்ததை எழுதுங்க.”

“எழுதினா உங்களுக்குத்தான் நஷ்டம்.”

“என் நஷ்டத்தை நான் பார்த்துக்கிறேன். பொய்யில கையெழுத்து மட்டும் கேக்காதீங்க.”

சுக்கானை முழங்காலால் பிடித்துக்கொண்டு படிவத்தை மடியில் வைத்தாள். ஏழாவது விதியில் ‘இருக்கையில் உட்கார்ந்தபடியே’ என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தாள். மேலே பெரிய எழுத்தில் ‘புரோஸ்கினா வாசலில் மல்லாந்து படுத்தபடி’ என்று எழுதினாள். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

“அடிச்சுத் திருத்தினது செல்லாதும்மா.”

“செல்லாதுன்னா கிழிங்க. நீங்களே உங்க கையால கிழிங்க.”

“கிழி கிழி!” என்றார் பனாகோஸ். அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது.

அனெஸ்திஸ் கிழிக்கவில்லை. அலுவலகத்துக்குக் கொண்டுபோய், ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது’ என்று எழுதி முத்திரை குத்தி மேலிடத்துக்கு அனுப்பினார். பயந்து செய்தாரா, மனதறிந்து செய்தாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். மேலிடத்துப் பதில் வரும்வரை பழைய அனுமதி செல்லும் என்பது சட்டம். மேலிடம் குளிர்காலம் முழுக்க யோசித்துவிட்டு, அடுத்த மே மாதம் திருத்தமில்லாத புதுப்படிவம் ஒன்றை அனுப்பியது. கரிஃபலியா அதிலும் இரண்டு கோடு போட்டாள். அதுவும் மேலிடத்துக்கே போனது.

மூன்றாவது மே மாதம், காப்பிக் கடையில் படிவக் கட்டைப் பிரித்தபோது, லினார்தோஸ் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

“அக்கா, எந்த வரியில அடிக்கணும்?”

“படிச்சுப் பாருடா எருமை” என்று சொல்லிவிட்டுக் கரிஃபலியா எழுந்தாள். பத்து மணி ஆகியிருந்தது. படகில் ஆறு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.