உன் இடத்தில் ஒரு நாள், என் இடத்தில் ஒரு நாள்

தெருவில் எல்லோரும் அவளைத் திரைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை. துணியை மேசையில் விரித்துக் கத்தரி ஓட ஓட, அந்த ஜன்னலுக்கு உள்ளே ஓர் அறை அவள் மனதில் எழும். சுவரோரம் கட்டில், வெளியே ஒரு மரம், அதில் காற்று. இப்படி எத்தனையோ அறைகளில் மனதால் படுத்து எழுந்திருக்கிறாள். நிஜத்தில் உறவுக்காரர் வீடுகளைத் தவிர வேறெங்கும் தங்கியதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நாத்தனார் ஓய்வு பெற்றதும், "அண்ணி, ஏரிப் பக்கம் போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள். கணவன் இறந்துபோன பிறகு வருஷம் தவறாமல் தனியாக ஊர் சுற்றுகிறவள். கையில் பணம் தாராளம்.

"போயிட்டு வாங்க. வீடு கொஞ்சம் காத்தாட இருக்கும்," என்றார் திரைக்காரியின் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

எங்கே தங்குவது என்பதில்தான் முட்டிக்கொண்டது. நாத்தனார் சொன்னது ஏரியைப் பார்த்த உயரமான ஓட்டல். திரைக்காரிக்குக் கட்டுப்படியானது படகுத்துறை மாடியில் பெண்கள் பலர் சேர்ந்து தங்கும் பொதுக் கூடம்.

"எல்லாத்துக்கும் நானே குடுத்துடறேன் அண்ணி."

"வேணாம்மா. அப்புறம் வந்த நாள் பூரா நான் விருந்தாளியாவே இருக்கணும். ஒரு நாள் உன் இடம், ஒரு நாள் என் இடம். உன் செலவுல நான், என் செலவுல நீ."

முதலில் கூடம். அடுக்குக் கட்டில்கள். மதியம் மழை பிடித்துக்கொண்டது. மேல் கட்டிலில் திரைக்காரி மல்லாந்து படுத்தாள். கீழே படகு எஞ்சின் உறுமும்போதெல்லாம் கட்டில் மெல்ல அதிர்ந்தது. கூரையில் ஏரித் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்தது. அறிமுகமில்லாத பெண்களின் மூச்சு சுற்றிலும் ஏறி இறங்க, கூடமே கரையை விட்டு நகர்வதுபோல் இருந்தது.

"ஜெனரல் வார்டுக்கே திரும்பி வந்த மாதிரி இருக்கு," என்று கீழ்க் கட்டிலில் முனகினாள் நாத்தனார். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து போய், எதிர்க் கட்டிலில் தூங்கிய யாரோ ஒரு பெண்ணின் நழுவிய போர்வையை இழுத்துவிட்டு வந்தாள். பழக்கதோஷம்.

மறுநாள் ஓட்டல். பொய் சொல்வானேன், திரைக்காரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தொட்டியில் வெந்நீர் நிரப்பி, விரல் நுனி சுருங்கும்வரை கிடந்தாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. ஏரியும் இல்லை, ஊரும் இல்லை. மேகத்துக்குள் யாரோ தனக்கென்று குளியலறை கட்டி வைத்ததுபோல் தோன்றியது.

குளித்து வந்தபோது டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதைப் பார்க்கவில்லை, கட்டிலின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்காம எதுக்கு ஓடுது?"

"எந்த ஊர் போனாலும் ரூமுக்குள்ள நுழைஞ்ச உடனே போட்டுடுவேன் அண்ணி. பக்கத்துல ஆள் பேசற மாதிரி இருக்கும்."

"நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. டிவியை அணைத்தாள். அகலமான அந்தக் கட்டிலில் இரண்டு பேரும் காலை நீட்டிப் படுத்து, போனவரைப் பற்றிப் பேசினார்கள். அவருடைய குறட்டை, கோபம், வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத சாமர்த்தியம் எல்லாம் வந்து போயின. பேச்சு எங்கே அறுந்தது, தூக்கம் எங்கே தொடங்கியது என்று இருவருக்குமே தெரியாது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் கிளம்புகிறார்கள். ஒப்பந்தத்தில் மாற்றமில்லை. இந்தத் தடவை நாத்தனாருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை. திரைக்காரி தன் முறைக்கு ஆற்றோரம் தரையோடு இருந்த ஒரு சின்ன அறையாகப் பார்த்துப் பிடித்தாள். விடியற்காலையில் கதவைத் திறந்தால் வாசல்வரை பனி. இருவரும் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இங்கயே இன்னொரு நாள் இருக்கலாம் அண்ணி. என் முறைய இங்கயே கழிச்சுக்கறேன்," என்றாள் நாத்தனார்.