நான்கு திரை, ஒரு லோக்கல் வண்டி

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து பால் காய்ச்சினேன். டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன். வங்காளத் தலைநகரின் டாக்குரியாவில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. பனிமூட்டத்தில் ரயில் பாதை தெரியவில்லை, வண்டிகளின் சத்தம் மட்டும் வந்தது. குளித்தேன், இஸ்திரி போட்டேன், வாரத்துக்கு வேண்டிய கறிகாய்களை நறுக்கி டப்பாக்களில் அடைத்தேன். வார நாட்களில் வங்கிக்கு எடுத்துப்போகும் கைப்பையைக் காலி செய்து, அதில் நான்கு கிராஃபிங் கால்குலேட்டர்களையும் பழைய துண்டில் சுற்றி வைத்தேன். மாற்று பேட்டரிகள் பக்க உறையில். பிறகு கீழே போனேன்.

கிராஃபிங் கால்குலேட்டர் என்பது கணக்குப் போடுவதோடு கோடும் வளைவும் வரைந்து காட்டும் சிறு திரை கொண்டது. அதிலேயே குட்டி நிரல்களும் எழுதலாம். வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் பரீட்சைக்காக வாங்குவார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அப்படி மறக்கப்பட்டவை சாந்தினி சந்தையில் பழைய ரிமோட்டுகளுக்கு நடுவே கிடக்கும். ஒவ்வொன்றாக நான்கு சேர்த்துவிட்டேன். பல வருடங்களாக நானே எழுதி நானே ஓட்டிப் பார்த்து நானே அழித்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய ஒன்றை இன்னொருவர் தொடர்ந்து எழுத வேண்டும் என்று ஆசை. பாட்டுக்குப் பக்கவாத்தியம் வேண்டும் என்று தோன்றுவதில்லையா, அந்த மாதிரி.

அந்த ஆசை தொற்றிக்கொண்டவர்கள் மூன்று பேர். ஒருவன் என் தம்பி, நியூ டவுனில் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவன். இன்னொருத்தி என் பள்ளித் தோழி. திருநெல்வேலிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில், இப்போது சாந்த்ராகாச்சியில் சிக்னல் பிரிவில் வேலை. மூன்றாமவர் இரண்டாம் மாடி பௌதி, வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவர். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. கணவர் யாருக்கு அண்ணனோ இல்லையோ, அவர் எங்கள் கட்டடம் முழுவதற்கும் அண்ணி.

திட்டம் இதுதான். ஒவ்வொரு கால்குலேட்டரும் ஒரு ரயில் நிலையம். ஒரு திரையில் புறப்படும் வண்டி வலது ஓரத்தில் மறைந்து, கம்பி வழியாகப் போய், அடுத்த திரையின் இடது ஓரத்தில் வெளிவர வேண்டும். யார் வேண்டுமானாலும் தங்கள் நிலையத்தைத் தாங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். பாதை நீண்டுகொண்டே போகும். கம்பிகள் வந்து சேர ஒரு சிறு பெட்டியைத் தோழி ஏற்கெனவே செய்து முடித்திருந்தாள். சிக்னல் பிரிவின் சுத்தம் அதில் தெரிந்தது. நான்கு துளை, நான்கு நிறம், ஒரு பிசிறு கிடையாது.

இல்லாதது இடம்தான். என் சாப்பாட்டு மேஜையில் கம்பியைப் பரப்பினால் வேளாவேளைக்குச் சுருட்ட வேண்டும். புதியவர்கள் அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு அறைக்குள் வரத் தயங்குவார்கள். கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு பொது அறை சும்மா கிடந்தது. அதைக் கேரம் ஆட்டக்காரர்களும் கேட்டிருந்தார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் தாதா (வங்காளத்தில் அண்ணன்) நியாயமான மனிதர், ஒரு தீர்வு சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறை உங்களுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு வருவேன். ஒரு மெஷின்லேர்ந்து இன்னொண்ணுக்கு ஏதாவது போய்ச் சேரணும். சேர்ந்தா எல்லா ஞாயிறும் உங்களுது. சேரலைன்னா கேரம்." (அவர் பேசியது வங்காளம். பௌதி பேசுவதும் அப்படியே. இரண்டையும் தமிழில் தருகிறேன்.)

அறை போனால் திட்டமும் போய்விடும் என்று நால்வருக்கும் தெரியும்.

பத்து மணிக்கு ஆலோசனை தொடங்கியது. தம்பி சுவரில் மஞ்சள் ஒட்டுத்தாள்களை வரிசையாக ஒட்டினான்.

"முதல்ல ஸ்கோப் முடிவு பண்ணணும்."

"அப்படின்னா?" என்றாள் தோழி.

"எதையெல்லாம் பண்ண மாட்டோம்னு முடிவு பண்றது."

"நான் இதுவரைக்கும் பண்ணாததை எழுதினா இந்தச் சுவரு காணாதுப்பா."

பௌதி கை உயர்த்தினார். முதலில் கமிட்டி வேண்டும் என்றார். தலைவர், செயலாளர், பொருளாளர், கலாசாரச் செயலாளர்.

"நாலே பேர்தானே இருக்கோம், பௌதி" என்றேன்.

"அதான் வசதி. பதவி கிடைக்காம யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அவர் கலாசாரச் செயலாளர் ஆனார். பதவியேற்றதும் முதல் வேலையாகப் பட்டாணிக் கச்சோரி வரவழைத்தார். கச்சோரியும் புது ஈச்சவெல்லத்துச் சந்தேஷ் இனிப்பும் வந்த பிறகு ஆலோசனை சூடுபிடித்தது. வண்டிக்கு எத்தனை பெட்டி என்பதில் அரை மணி நேரம் போயிற்று. நிலையத்தின் பெயரை எந்த மொழியில் எழுதுவது என்பதில் சண்டை வரவில்லை, ஏனெனில் அந்தக் கருவிக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். தம்பி தன் நிலையத்துக்கு நியூ டவுன் என்று பெயர் வைத்தான்.

"உங்க ஊருக்கு ரயிலே கிடையாதே" என்றாள் தோழி.

"அதனாலதான் நானே விடறேன். கவர்ன்மென்ட்டை நம்பினா ஆச்சா?"

மதியத்துக்குள் எல்லாம் முடிவானது. வண்டி என்பது ஒரு எண் வரிசை. முதல் எண் எஞ்சின், மற்றவை பெட்டிகள். அந்த வரிசைதான் கம்பியில் போகும். அதை நால்வரும் ஒரே மாதிரி எழுதுவதாக ஒப்புக்கொண்டோம். சாப்பாட்டுக்குப் பின் ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து நிலையங்களை எழுதினோம்.

பொறுப்பான மனிதர்கள் நால்வர், இரண்டு மணி நேரம் நகத்தளவு பொத்தான்களை அழுத்திக்கொண்டு தமக்குள் சிரித்துக்கொண்டிருந்த காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பௌதி அவ்வப்போது "தாராவ், தாராவ்" என்று கருவியிடம் கெஞ்சினார். நில்லு, நில்லு என்று பொருள். நான் ஒரு டீக்காரரை எழுதினேன். வண்டி நகரத் தொடங்கியதும் கெட்டிலோடு ஜன்னல் பக்கமாகவே ஓடுவார். பதினோரு புள்ளிகளால் ஆன மனிதர். அவர் கால் மாற்றி ஓடியபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இங்கே எழுதினால் மிகையாகத் தோன்றும்.

ஐந்தரைக்கு நான்கு கம்பிகளையும் பெட்டியில் செருகினோம். நான்கு நிலையத்திலிருந்தும் ஒரே நேரத்தில் புறப்பாடு என்று தம்பி எண்ணினான். அழுத்தினோம்.

நான்கு வண்டிகளும் கிளம்பின. தோழியின் திரையில் சிக்னல் கை ஒழுங்காக இறங்கியது. பௌதியின் பிளாட்பாரத்தில் ஒரு குடும்பமே கையாட்டியது. தம்பியின் வண்டி நேரப்படி புறப்படுவதாகக் கீழே ஒரு வரி ஓடியது. என் டீக்காரர் ஓடினார். நான்கு வண்டிகளும் நான்கு வலது ஓரங்களில் அழகாக மறைந்தன. பிறகு நான்கு வெறும் பிளாட்பாரங்கள்.

காத்திருந்தோம்.

"வண்டி எங்கக்கா?" என்றான் தம்பி.

"போயிடுத்து."

"எங்க போச்சு?"

தோழி பெட்டியைப் பார்த்தாள். "இதுக்குள்ளதான். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும்."

தம்பி பெட்டியை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டான். படித்த பையன், நான்கு பேருக்கு மேலதிகாரி. பௌதி நிதானமாக, டியூஷன் பிள்ளைகளைக் கேட்கும் குரலில், "வண்டியை வாங்கிக்கிற பகுதியை யார் எழுதினது?" என்று கேட்டார்.

யாரும் எழுதவில்லை. நான்கு பேரும் புறப்பாடு மட்டுமே எழுதியிருந்தோம். சுவரில் இருந்த அத்தனை மஞ்சள் தாள்களும் வழியனுப்புவதைப் பற்றியவை.

முதலில் சிரித்தது தோழிதான். "ஏட்டி, நம்ம வீட்டுல வேற என்ன தெரியும்? ஒருத்தர் மெட்ராஸுக்குப் போறதுன்னா ஹவுராவுக்கு எட்டுப் பேரு போவோம். திரும்பி வரும்போது யாரு போயிருக்கா?"

உண்மைதான். எங்கள் குடும்பங்களில் வழியனுப்புவது திருவிழா. புளியோதரைப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், ஜன்னல் கம்பி வழியாகக் கடைசி நேர அறிவுரை, வண்டி நகர்ந்த பிறகும் கூடவே நடக்கும் கால்கள். திரும்பி வருபவர் தாமாகவே பெட்டியை இழுத்துக்கொண்டு மஞ்சள் டாக்ஸி பிடித்து வீட்டு மணியை அடிப்பார். தங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்றார் பௌதி. தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தோம். கடிகாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

வாங்கும் பகுதியை யாராவது ஒருவர் எழுத வேண்டும். என் கருவியில் இடம் மிகக் குறைவு, டீக்காரரே பாதியை அடைத்திருந்தார். மற்ற மூவரும் தங்கள் கருவியைத் தருவதாகச் சொன்னார்கள், ஆனால் மூவரின் பிடியும் தளரவில்லை. நான் டீக்காரரை அழித்தேன். "ஐயோ, அவரையா?" என்றார் பௌதி. என் நிலையத்துக்கு இனி புறப்பாடே கிடையாது, வருவது மட்டும்தான். கம்பியில் வரும் எண்களை வாங்கு, வாங்கியதை இடப்பக்கத்திலிருந்து வரை, ஒரு புள்ளி நகர்த்து, மறுபடி வரை. தோழி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சிக்னல் ஏட்டை வாசிப்பது போல உரக்கப் படித்துச் சரிபார்த்தாள்.

தாதா முன்னதாகவே வந்துவிட்டார். குரங்குக் குல்லா, சால்வை, கக்கத்தில் கேரம் பலகை.

"தாதா, முதல்ல டீ" என்று தம்பி அவரை வாசலிலேயே மடக்கினான். கச்சோரியைக் கொடுத்தான், நியூ டவுனில் வீட்டு வாடகை ஏன் ஏறுகிறது என்று கேட்டான். தாதாவுக்கு அதைப் பற்றிக் கருத்து இருந்தது. அந்தக் கருத்தின் நீளம்தான் எங்களைக் காப்பாற்றியது.

"ஆச்சு" என்றேன்.

பௌதி அழுத்தினார். அவருடைய பிளாட்பாரக் குடும்பம் கையாட்டியது. வண்டி போயிற்று. என் திரை வெறுமையாகவே இருந்தது. பிறகு இடது ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, இன்னொன்று, ஒரு சதுரம், அதன் சக்கரங்கள். பெட்டி பெட்டியாக வண்டி உள்ளே வந்தது. தோழி என் தோளைப் பிடித்த இடம் மறுநாளும் வலித்தது.

தாதா குனிந்து பார்த்தார். "எஞ்சின் கடைசியில இருக்கே."

ஆமாம். அவசரத்தில் முதல் எண்ணை இடது கோடியில் வரைந்திருந்தேன், வண்டி நகர்வதோ வலப்பக்கம். பின்பக்கமாகவே வந்து சேர்ந்திருந்தது வண்டி.

"லோக்கல் வண்டி தாதா" என்றாள் தோழி, துளியும் சிரிக்காமல், சுத்தமான வங்காளத்தில். "ரெண்டு பக்கமும் டிரைவர் ரூம் உண்டு. அதுக்கு முன்னேது, பின்னேது?"

ரயில்வேக்காரி சொன்னால் மறுப்பு ஏது. தாதா கேரம் பலகையைச் சுவரில் சாய்த்தார். "இன்னொரு தரம் விடு." விட்டோம். "இன்னொரு தரம்." நான்காவது முறை அவரே அழுத்தினார். பௌதியின் குடும்பம் கையாட்டியபோது, தன்னையறியாமல் அவரும் கையாட்டினார்.

"இது எந்த லைன்?"

"இன்னும் முடிவு பண்ணலை தாதா" என்றேன்.

"என் மாமனார் ஊர் லக்ஷ்மிகாந்தபூர். டாக்குரியாவிலேர்ந்து நேர் வண்டி. அது இல்லாம என்ன லைன்?" குல்லாவைச் சரிசெய்தார். "அறை உங்களுது. ஆனா வர்ற ஞாயிறு அந்த ஸ்டேஷன் இருக்கணும். அஞ்சாவது மெஷினை நான் சாந்தினியில தேடறேன்."

"பேர் திரையில அடங்குமா?" என்று தம்பி என் காதில் கேட்டான். ஒரு வரிக்குப் பதினாறு ஆங்கில எழுத்துதான். நால்வரும் விரல் விட்டு எண்ணினோம். பதினைந்து. பௌதி ஒரு சந்தேஷை முழுதாகத் தாதாவின் வாயில் ஊட்டிவிட்டார். கேரம் பலகையை யார் மேலே தூக்கிப் போனார்கள் என்று எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை காலை எழுந்ததும், பால் காய்ச்சுவதற்கு முன், போர்வையோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஐந்தாவது கருவி கிடைக்கும்வரை என் கால்குலேட்டரிலேயே இருக்கட்டும் என்று லக்ஷ்மிகாந்தபூரின் பதினைந்து எழுத்துகளையும் ஆங்கிலத்தில் அடித்தேன். அதன் கீழே வண்டியை வாங்கிக்கொள்ளும் பகுதியை, இந்த முறை எஞ்சின் முன்னால் வரும்படி எழுதினேன். புறப்பாட்டுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. அதைத் தாதாவே எழுத வேண்டும்.