ஜெகதீசனின் நாற்பத்துமூன்று புகார்கள்

மண்ணூர்பேட்டை யுவராணியைக் கெட்டிக்காரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் முப்பது வருடம் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டிய ஜெகதீசனின் மகளுக்கு, அதே எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் கெட்டிக்காரத்தனம் எல்லா நேரமும் கை கொடுக்கிறதா என்ன?

அவள் கம்பெனி செய்த செயலியில் ஜனங்கள் வாயால் பேசியே புகார் கொடுக்கலாம். தண்ணீர் வரவில்லை, குப்பை எடுக்கவில்லை, இப்படி. சோதித்துப் பார்க்க மெட்ராஸ் பேச்சு வேண்டியிருந்தது. வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வேறெங்கே போவது? லேப்டாப்பை அப்பா முன்னால் வைத்தாள். மனிதர் ஒரு வாரம் உட்கார்ந்து நாற்பத்துமூன்று புகார் பேசித் தள்ளினார். தெருவிளக்கில் ஆரம்பித்து, மனைவி பேபி வைத்த குழம்பில் உப்பில்லை என்பது வரைக்கும்.

நான்கே மாதத்தில் மாரடைப்பு. ஆள் போய்விட்டார். போனில் போட்டோக்கள் கிடந்தனவே தவிர, குரல் வேறெங்கும் இல்லை. ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து எதையும் வெளியே எடுக்க விடமாட்டார்கள். கேட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும். கேட்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது அதைத் திறக்க வேண்டுமே, அந்தத் தைரியம்தான் பாவம் அவளுக்கு வரவில்லை.

"வருசப் படையலுக்கு அவரு கொரல போட்டுக் காட்டுடி. ஒரே ஒரு தபா கேட்டுக்கறேன்," என்று பேபி கேட்டிருந்தாள். யுவராணியும் சரி என்றிருந்தாள்.

படையலுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆபீசில் உத்தரவு வந்தது. செயலியும் அதன் டேட்டாபேஸும் ஓடுவது கன்டெய்னர்களில். நிரலுக்கு வேண்டியதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, எந்த லேப்டாப்பிலும் ஓட்டுகிற முறை அது. அதற்கு இதுவரை வைத்திருந்த டாக்கர் டெஸ்க்டாப்பின் உரிமம் முடிகிறது, எல்லோரும் பாட்மேன் என்ற வேறொரு மென்பொருளுக்கு மாற வேண்டும்.

"யுவராணி, நீங்க முதல்ல மாத்திப் பாத்துட்டு டீமுக்கு ஸ்டெப்ஸ் எழுதிக் குடுங்க," என்றான் கோயம்புத்தூர்க்காரனான டீம் லீட் அபிஷேக்.

அவள் அவசரப்படவே இல்லை. டேட்டாபேஸை முழுதாக நகல் எடுத்தாள். நாற்பத்துமூன்று வரிகளும் நகலில் இருக்கின்றனவா என்று இரண்டு முறை எண்ணினாள். அப்புறம்தான் பழைய மென்பொருளை அடியோடு நீக்கினாள். பாட்மேன் காலையெல்லாம் முரண்டு பிடித்து, மூன்று மணிக்கு ஒருவழியாக ஓடியது. பக்கத்து சீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள்.

அந்தத் தெம்பில், ஒரு வருடமாகத் திறக்காத பக்கத்தைத் திறந்தாள். வரிசை அப்படியே இருந்தது. முதல் புகாரை அழுத்தினாள். சத்தமில்லை. இரண்டாவதிலும் இல்லை.

"அபிஷேக், ஆடியோ டேட்டாபேஸ்லதானே இருக்கு?"

"இல்லையே. போன வருஷமே தனி ஸ்டோரேஜ் வால்யூமுக்கு மாத்திட்டோமே. ஓ, நீங்க அப்ப லீவுல இருந்தீங்க."

அப்பாவின் காரியத்துக்கு எடுத்த லீவு அது. அந்தத் தனிச் சேமிப்பைப் பழைய மென்பொருளோடு சேர்த்து அவளே துடைத்துப் போட்டிருந்தாள். சிஸ்டம்ஸ் வேலை பார்க்கும் ஜஸ்டின் ஒரு மணி நேரம் தோண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். யாரைக் குறை சொல்ல? பாத்ரூமில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முகம் கழுவி வந்து, ஸ்டெப்ஸின் முதல் வரியாக, ஆடியோ வால்யூமைத் தனியாக நகல் எடுக்கவும் என்று சேர்த்தாள். டீமில் மற்ற பதினோரு பேருக்கும் ஒன்றும் போகவில்லை.

படையலன்று இலையில் வடையும் நெத்திலிக் குழம்பும் வைத்துவிட்டு பேபி சுவரோரம் உட்கார்ந்தாள். "போடு, யுவா."

"போய்ட்ச்சும்மா. நானே அழிச்சிட்டேன்."

பேபி கத்தவில்லை. "ஒண்ணுகூட இல்லியா?"

"அவரு பேசினத எழுத்துல அடிச்சு வச்சது கீது. படிக்கட்டா?"

பேபி தலையாட்டினாள். செயலி எழுத்துத் தமிழில்தான் புகாரைப் பதியும் என்பதால், சோதனைக்காக யுவராணி அவர் பேச்சு எல்லாவற்றையும் அந்த நடைக்கு மாற்றி அடித்திருந்தாள். முதல் புகாரைப் படித்தாள்.

"எங்கள் தெருவில் மூன்று நாட்களாக விளக்கு எரியவில்லை. இருட்டில் என் மனைவி தடுக்கி விழுந்துவிட்டாள். விரைவில் சரிசெய்யவும்."

பேபி மகளின் முகத்தையே பார்த்தாள். "இது யாருடி? உங்கப்பா இப்டியா பேசுவாரு?"

அவர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டலாம் என்று யுவராணி வாயைத் திறந்தாள். அவர் எப்படிச் சொன்னார் என்று அவளுக்கு நினைவு வரவில்லை.