எங்கள் ஜீப்பு டி.வி.யில் விழுந்த கதை

என் வீட்டுக்காரருக்கு யார் எது கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாது. நான் கேட்டால் மட்டும் நன்றாகத் தெரியும். எண்பதுகளின் கடைசியில், டி.வி.க்குப் படம் எடுக்க மெட்ராஸிலிருந்து வந்தவர்கள், கடத்தல்காரர்கள் தப்பிக்கிற காட்சிக்கு ஒரு ஜீப்பு வேண்டும் என்றார்கள். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற எங்கள் ஜீப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் டிரைவருக்குச் சிவப்புச் சட்டை மாட்டிவிட்டு அவனையே ஓட்டச் சொன்னார்கள். போடிமெட்டு மலைப்பாதையில் போலீஸ் ஜீப்பு துரத்தத் துரத்த மூன்று நாள் ஓட்டினான். கடைசியில் ஜீப்பு பள்ளத்தில் விழ வேண்டும். அதற்கு எங்கிருந்தோ இஞ்சின் இல்லாத ஒரு பழைய ஜீப்பை இழுத்து வந்து, அதே பச்சை அடித்து, எங்கள் நம்பரையே எழுதி, வளைவில் தள்ளித் தீ வைத்தார்கள்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. புத்திசாலி நான் என்ன செய்தேன்? எங்கள் தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, கூடத்தில் உட்கார வைத்து, கையில் முறுக்கும் கொடுத்தேன். ஜீப்பு உருண்டு எரிந்தபோது கூடமே "ஐயோ ஆத்தா!" என்று அலறியது. செத்துப்போன டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் ஒருத்தியும் ஜீப்பில் ஏறவில்லை.

"அது விழுந்த வண்டி ஆத்தா," என்றாள் ஆட்களைக் கூட்டி வருகிற அக்கா.

"விழுந்தது பழைய இரும்பு. இது முழுசா நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"நம்பரு ஒண்ணுதானே?"

விளக்கி விளக்கித் தொண்டை வற்றியது. வேறு ஜீப்பு கேட்டால் காய் எடுப்பு நேரத்தில் எவன் கொடுப்பான்? மேலே தோட்டத்தில் காய் பழுத்து நின்றது. இன்னும் நாலைந்து நாள் விட்டால் செடியிலேயே வெடித்து, அணிலுக்கும் எலிக்கும்தான். அந்த எடுப்பை நம்பித்தான் எங்கள் வருஷமே ஓடியது. இவரோ கடைத்தெருவில் நின்று, ஜீப்பு விழுந்ததைப் பத்தாவது தடவையாக யாருக்கோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அந்த அக்கா கேட்டாள்: "நீங்க ஏறுவீகளா?"

வளைவு என்றாலே குமட்டுகிற ஆள் நான். ரோஷம் விடுமா? "இந்தா, ஏறிட்டேன். வெரசா வாங்க!" என்று எலுமிச்சம்பழத்தை மோந்தபடி முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். எல்லாம் பொய்யடி, வெறும் படமடி என்று.

அந்த வளைவு வந்தது. கீழே சரிவில் கருகிய ஜீப்பு கவிழ்ந்து கிடந்தது. பாவிகள், அதை எடுத்துக்கொண்டு போயிருக்கவில்லை. நம்பர் பலகை மட்டும் எரியாமல் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் நம்பர்.

"நிறுத்துப்பா!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

இறங்கினேன். பின்னால் அத்தனை பேரும் இறங்கினார்கள். ஒருத்தியாவது கேலி செய்திருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

டிரைவரும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "அப்ப நான்?"

"நீ வண்டியக் கொண்டா," என்றேன்.

நாங்கள் வளைவை நடந்தே தாண்டி மேலே காத்து நின்றோம். அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். காய் தப்பியது. அந்த ஜீப்பை விற்கும்வரை அந்த இடத்தில் எல்லோரும் இறங்கி நடப்பது வழக்கமாகிவிட்டது. எங்களில் டி.வி.யில் செத்தது அவன் ஒருவன்தான். உனக்குப் பயமாக இல்லையா என்று அவனை ஒருத்தியும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.