குத்துச்சண்டைக்காரர் சொன்னது

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையில் நான் குமாஸ்தா. அங்கே மண் அரைக்கும் மெஷின் ஓட்டுபவர் ஒருவர் இருந்தார். அந்த இரைச்சலில் காது கேட்காது என்பதால், அங்கே வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். வெளியே வந்தாலும் அவர் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டார், உதட்டைத்தான் பார்ப்பார்.

எழுபதுகளில் ஒருநாள், சினிமாக் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படத்துக்கு முன்னால், சென்னைத் துறைமுகக் கூலி ஒருவர் குத்துச்சண்டை வீரரான கதையைச் செய்திப்படமாகக் காட்டினார்கள். வீரர் பேசினார். அவர் குரலை அமுக்கிவிட்டு, “வலி என்பதையே அறியாத சிங்கம் இவர்!” என்று வேறொருவர் செந்தமிழில் முழங்கினார்.

“அவரு அப்டி சொல்லலீங்க. கை வலிக்குது, தூக்கமே வரலன்னு சொல்றாரு” என்றார் இவர்.

“நீங்களா எதையாவது சொல்லாதீங்க.”

“நம்ம பேச்சுதானே பேசுறாரு? அத கேக்க வுட்டா என்னங்க?”

பிறகொரு நாள் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஆலையைப் பார்க்க வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருக்க, “வேலையெல்லாம் எப்படி?” என்று இவரிடம் கேட்டார். இவர் நிதானமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

“ஒரு குறையும் இல்லைங்கறார் சார்” என்று அதிகாரியின் காதருகே கத்தினார் மேனேஜர். அதிகாரி சிரித்துவிட்டு நகர்ந்தார்.

இவர் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நான் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.